வங்கி வழக்குரைஞர் யாருக்காக?

பட்டுக்கோட்டையில் வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைத்து வங்கிக் கடன் கேட்பவர், முதலில் வழக்குரைஞர் ஒருவரிடம் அனுப்பப்படுகிறார். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஆராய்ந்து அவர் சட்டக் கருத்துரை வழங்குகிறார். அதற்கான கட்டணத்தைப் பெரும்பாலும் செலுத்துபவர் கடன் கேட்பவர்தான். ஆனால், அந்த வழக்குரைஞரின் கட்சிக்காரர் வங்கியே.

இதில் தவறேதுமில்லை. வங்கி கடனாகத் தருவது பொதுமக்களின் வைப்புத்தொகை. அதற்குப் பாதுகாப்புத் தேடுவதே நிதித் துறை வழக்குரைஞரின் பணி. மும்பையில் பல நூறு கோடி ரூபாய்க்கான ஒப்பந்தத்தை வரையும் சட்ட நிறுவனத்துக்கும், பட்டுக்கோட்டையில் பட்டா பார்ப்பவருக்கும் அடிப்படைக் கேள்வி ஒன்றே: கடன் திரும்பாவிட்டால் எதைக் கொண்டு வசூலிப்பது? வேறுபாடு எதிர்த்தரப்பில்தான் இருக்கிறது. பெருநிறுவனத்துக்குத் தனி வழக்குரைஞர் உண்டு. சிறு கடனாளி தனியாகவே கையொப்பமிடுகிறார்.

கடன் வாராக்கடனாகும்போதுதான் இதன் விளைவு தெரிகிறது. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, வழக்குத் தொடுக்காமலேயே அடமானச் சொத்தை வங்கி கைப்பற்றலாம். அதற்கு முன் 60 நாள் அவகாசம் அளித்து நோட்டீஸ் தர வேண்டும். கடனாளி ஆட்சேபித்தால் 15 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். கைப்பற்றும் நடவடிக்கையை எதிர்த்து 45 நாள்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். முறையிடுவதற்கே 75 சதவீதத் தொகையைச் செலுத்த வேண்டும் என்றிருந்த விதியை, மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004-இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது.

வேளாண் நிலத்துக்கு இச்சட்டத்தின் 31-ஆவது பிரிவு விலக்களிக்கிறது. வீட்டுக்கு அவ்விலக்கு இல்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயலுக்குத் தென்னந்தோப்புகளைப் பறிகொடுத்த இப்பகுதிக்கு இது முக்கியமான பாதுகாப்பு. எனினும், வருவாய்ப் பதிவேட்டில் விளைநிலம் என்றிருப்பது மட்டும் போதாது, நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என அதே ஆண்டில் ப்ளூ கோஸ்ட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. தோப்பு மனைகளாகிவிட்டால் விலக்கும் கேள்விக்குள்ளாகும். மேலும், விலக்கு என்பது தள்ளுபடி அல்ல; வழக்குத் தொடுத்து வசூலிக்கும் உரிமை வங்கிக்கு உண்டு.

கடன் முழுவதும் அடைந்த 30 நாள்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு வழங்க வேண்டும் என 2023-இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அதே அக்கறை கையொப்பமிடும் நாளிலும் தேவை. ஒப்பந்தத்தின் சாரத்தைத் தமிழில் தருவதும், கட்டணம் செலுத்தியவருக்குச் சட்டக் கருத்துரையின் நகலை அளிப்பதும் வங்கிகளுக்குப் பெருஞ்செலவல்ல. அடமானம் வைப்பவர் எதை அடமானம் வைக்கிறார் என்பதை அறிந்து கையொப்பமிடுவது வங்கிக்கும் நல்லது.