உயரம் ஓட்டத்தில் பிறக்கிறது

2022 அக்டோபர் 1 அன்று, குஜராத்தின் காந்திநகரில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் தமிழகத்தின் ரோஸி மீனா பால்ராஜ் கோலூன்றி 4.20 மீட்டர் தாண்டினார். 2014 முதல் அசையாமல் நின்ற 4.15 மீட்டர் தேசிய சாதனை அன்று வீழ்ந்தது. அந்தப் பழைய சாதனைக்குச் சொந்தக்காரரான வி.எஸ்.சுரேகாவும் தமிழகத்தவர்தான். அதே போட்டியில் ஆண்கள் பிரிவில் சர்வீசஸ் அணிக்காகக் களமிறங்கிய தமிழக வீரர் சிவா சுப்பிரமணியம், 2018-இல் தான் தாண்டிய 5.30 மீட்டரைத் தானே முறியடித்து 5.31 மீட்டரைத் தொட்டார். அடுத்த ஆண்டு அஸ்தானாவில் நடந்த ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டியில் மற்றொரு தமிழக வீராங்கனை பவித்ரா வெங்கடேஷ் வெள்ளியும் ரோஸி மீனா வெண்கலமும் வென்றார்கள்.

இத்தனை பேர் தமிழ் மண்ணிலிருந்து போயிருக்கிறார்கள். ஆனாலும் திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூரிலோ நத்தத்திலோ நிலக்கோட்டையிலோ ஒரு பள்ளி மாணவி 'நானும் போல் வால்ட் கத்துக்கணும்' என்று கேட்டால், 'அதுக்கு மெத்தை வேணும், வெளிநாட்டுக் கோல் வேணும், நமக்கு எங்கே?' என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இந்தப் பதிலில் பாதிதான் உண்மை. இந்த விளையாட்டின் பின்பாதிக்கு மெத்தையும் நல்ல கோலும் கட்டாயம் வேண்டும். முன்பாதிக்கு ஒரு மணல் குழியும் ஒரு மூங்கிலும் விவரம் தெரிந்த ஓர் ஆசிரியரும் போதும். ஏன் அப்படி என்பதைப் பத்தாம் வகுப்பு இயற்பியலே சொல்லிவிடும்.

கணக்கு சொல்வது என்ன?

கோல்தான் ஆளை மேலே தூக்குகிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். கோலுக்கென்று சொந்த ஆற்றல் எதுவும் கிடையாது. ஓடி வருபவரின் இயக்க ஆற்றலை வாங்கி, அதை உயரமாக மாற்றித் தருவதே அதன் வேலை. உராய்விலும் அதிர்விலும் எதுவும் வீணாகாது என்று வைத்துக்கொண்டால், வேகத்தின் வர்க்கத்தை 19.6-ஆல் வகுத்தால் உடலின் எடை மையம் எவ்வளவு உயரும் என்பது கிடைத்துவிடும்.

நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடினால் 1.8 மீட்டர், 7 மீட்டர் வேகத்தில் 2.5 மீட்டர், 8 மீட்டர் வேகத்தில் 3.3 மீட்டர், 10 மீட்டர் வேகத்தில் 5.1 மீட்டர். நிற்கும்போதே நம் எடை மையம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதால், அதையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 2025-இல் டோக்கியோ உலகத் தடகளப் போட்டியில் 6.30 மீட்டர் தாண்டிய சுவீடன் வீரர் அர்மான்ட் டுப்ளான்டிஸ் நொடிக்கு 10 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடி வருபவர். கணக்குக்கு மேல் கிடைக்கும் உயரம், தரையை உதைத்து எழும்புவதாலும் மேலே கைகளால் கோலைத் தள்ளுவதாலும் வருவது.

கவனிக்க வேண்டியது அந்த வர்க்கத்தை. வேகம் 6-லிருந்து 7 ஆகும்போது கூடுவது ஆறில் ஒரு பங்கு. உயரமோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுகிறது. ஆகவே கற்றுக்கொள்ள வருபவருக்கு முதல் பயிற்சி ஓட்டம்தான். கையில் கோல் இல்லாமல் ஓட்டம், பிறகு கோலைப் பிடித்தபடி ஓட்டம். முதுகு நிமிர்ந்து, முழங்கால் உயர்ந்து, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு எட்டுகளில் ஓட வேண்டும். இதற்கு வெறும் தரையே போதும்.

தாழப் பிடித்தவரே தாண்டுவார்

புதிதாக வருபவர்கள் கோலின் உச்சியைப் பிடிக்க ஆசைப்படுவார்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஊன்றிய கோல் செங்குத்தாக நிமிர்ந்தால்தான் ஆள் மறுபக்கம் போய்ச் சேர முடியும். சுவரில் ஏணியை நிமிர்த்தும்போது அதன் மேல்படியில் ஒரு மூட்டை தொங்கினால் எவ்வளவு பாரமாக இருக்கும்? கோலிலும் அதேதான் நடக்கிறது. பிடி மேலே போகப் போக, அதை நிமிர்த்தத் தேவைப்படும் வேகமும் கூடும். வேகம் போதாவிட்டால் கோல் பாதியில் நின்று, ஆளை வந்த வழியிலேயே ஓடுபாதையில் போட்டுவிடும். இந்த விளையாட்டில் மிகவும் அஞ்ச வேண்டிய விழுகை இதுதான்.

எனவே முதல் பிடியை இப்படி அளந்துகொள்ளலாம். வலக்கைக்காரர் கோலைச் செங்குத்தாக நிறுத்தி, வலது கையை முழுவதும் உயர்த்த வேண்டும். எட்டுகிற இடத்துக்கு ஒரு சாண் மேலே வலது கை, அதற்கு ஒரு முழம் கீழே இடது கை. கோல் தடையில்லாமல் நிமிர்ந்து, ஆள் தாராளமாக மறுபக்கம் இறங்கிய பிறகுதான் பிடியை நான்கு விரற்கடை உயர்த்த வேண்டும். வேகம் கூடாமல் பிடி கூடக் கூடாது.

மணல் குழியில் முதல் பாடம்

நீளம் தாண்டும் மணல் குழி பல மேல்நிலைப் பள்ளிகளில் இருக்கும். மணலை நன்றாகக் கொத்திவிட வேண்டும். முதலில் ஓரடி நடந்து கோலை மணலில் ஊன்றி, கோலுக்கு வலப்புறமாகத் தொங்கிப் போய் இரண்டு கால்களிலும் இறங்கிப் பழக வேண்டும். அது வசப்பட்டதும் மூன்று எட்டு, பிறகு ஐந்து எட்டு. குறுக்குக் கம்பி எதுவும் இந்தக் கட்டத்தில் தேவையில்லை.

கடைசி மூன்று எட்டுகளில்தான் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இடது, வலது, இடது என்று கால் போகும்போது, வலது கை இடுப்பு, காது, உச்சி என்று மேலேற வேண்டும். மாணவர்களை வாய்விட்டுச் சொல்லச் சொல்லியே இதைப் பழக்கலாம். கால் தரையை விடும் நொடியில் வலது கை தலைக்கு மேல் முழுதும் நீண்டிருக்க வேண்டும், இடது கால் அந்தக் கைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். கால் அதைத் தாண்டி உள்ளே போய்விட்டால் கோல் கையைப் பின்னால் வெட்டி இழுக்கும். தோள் வலிக்கும், வேகமும் போய்விடும். எழும்பும்போது வலது முழங்கால் முன்னால் உயர வேண்டும். கைகளை மடக்கிக் கோலை நெஞ்சோடு இழுப்பது பெரும்பாலான புதியவர்கள் செய்கிற தவறு. மேல் கை நீண்டே இருந்தால்தான் உடல் முழு வீச்சோடு ஊசலாடும்.

மூங்கிலும் ஃபைபர் கிளாஸும்

மூங்கில் மட்டமான பொருள் என்று நினைக்க வேண்டாம். கோல் எந்தப் பொருளால் ஆனதாகவும் எந்த நீளத்திலும் இருக்கலாம் என்றே சர்வதேச விதி சொல்கிறது. அமெரிக்காவின் கொர்னீலியஸ் வார்மர்டாம் 1942-இல் மூங்கில் கோலால் 4.77 மீட்டர் தாண்டினார். அதன்பின் உலோகக் கோல்கள் வந்தும், 1960 வரையிலான 18 ஆண்டுகளில் உலக சாதனை 3 சென்டிமீட்டர்தான் உயர்ந்தது. ஃபைபர் கிளாஸ் வந்த பிறகு, 1964-க்குள் அது 5.28 மீட்டரை எட்டியது. நான்கே ஆண்டுகளில் 48 சென்டிமீட்டர்!

விறைப்பான கோல் ஊன்றிய நொடியில் உடலை உலுக்கி, ஓட்டத்தின் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஃபைபர் கிளாஸ் வளைந்து, அந்த ஆற்றலைச் சேமித்து, நிமிரும்போது திருப்பித் தரும். வளையும்போது கோலின் இரு முனைகளும் நெருங்குவதால் அது எளிதாக நிமிர்கிறது. எனவே இன்னும் உயரத்தில் பிடிக்க முடிகிறது. ஒவ்வொரு ஃபைபர் கிளாஸ் கோலுக்கும் நீளமும் அது தாங்கும் உடல் எடையும் குறிக்கப்பட்டிருக்கும். தன் எடைக்குக் குறைந்த கோலைப் புதியவர் ஒருபோதும் எடுக்கக் கூடாது.

மூங்கிலில் பழகுபவர்கள் சுவர் தடித்த கல்மூங்கிலாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தடவிப் பார்த்து, மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் தள்ளிவிட வேண்டும். பிளந்த மூங்கில் குத்திக் கிழிக்கும். மணல் குழியில் தாழ்வாகப் பழகுவதற்கு மட்டுமே மூங்கில்.

காற்றும் வெயிலும்

100 மீட்டர் ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் பின்காற்று அளவு மீறினால் சாதனையை ஏற்க மாட்டார்கள். கோலூன்றித் தாண்டுதலில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்றைப் பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேற்கிலிருந்து கிழக்காக ஓடும்படி ஓடுபாதை அமைந்தால் அந்தக் காற்று முதுகில் தள்ளும், மாலை வெயிலும் கண்ணில் விழாது. எதிர்க்காற்றில் வேகம் குறைந்து கோல் பாதியில் நிற்கும். புதியவர்கள் அப்போது பிடியைத் தாழ்த்த வேண்டும், பலமான காற்றென்றால் பயிற்சியையே நிறுத்திவிட வேண்டும். இந்தப் பக்கத்து வெயிலில் உள்ளங்கை வியர்த்து வழுக்கும் என்பதால், காலையும் மாலையுமே பயிற்சிக்கு ஏற்ற நேரம்.

தலைகீழாகும் துணிவு

கோலில் தொங்கியபின் கால்களை மேலே வீசித் தலைகீழாகி, உடலைத் திருப்பி, வயிறு கம்பியைப் பார்க்கும்படி கடக்க வேண்டும். 2009-இல் 5.06 மீட்டர் தாண்டிய ரஷ்யாவின் எலினா இசின்பயேவா, 15 வயது வரை ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர். நம் ஊரில் மல்லர்கம்பமும் கயிறு ஏறுவதும் அதே வலுவைத் தரும். ஆனால் தலைகீழாகும் கட்டம் வந்துவிட்டால் மெத்தை இல்லாமல் ஒரு தாண்டல்கூடக் கூடாது. பெரிய போட்டிகளில் மெத்தை குறைந்தது 6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 80 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். பயிற்சியாளர் இல்லாமல் தனியாகப் பழகவும் கூடாது.

எனவே இரு தரப்பாருக்கு ஒரு வேண்டுகோள். உடற்கல்வி ஆசிரியர்களே, இந்தப் பருவத்திலேயே மணல் குழியைக் கொத்திவிட்டு, மூன்று எட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். 2000 சிட்னியில்தான் இந்தப் போட்டி பெண்களுக்கு ஒலிம்பிக்கில் திறந்தது. நம் மாநிலத்துக்கு இதில் பெயர் வாங்கித் தந்தவர்களில் பெண்களே முன்னால் நிற்பதால், மாணவிகளையும் சேர்த்து அழையுங்கள். விளையாட்டுத் துறையினரே, நன்றாக ஓடி, சரியாக ஊன்றத் தெரிந்த பிள்ளைகள் மாவட்டத்தில் எங்கிருந்தாலும், அவர்கள் பேருந்தில் வந்து சேரும் தூரத்தில் ஒரு முழு மெத்தையும், எடை வாரியாக ஒரு வரிசைக் கோல்களும், ஒரு பயிற்சியாளரும் இருக்கும்படி செய்யுங்கள். ஒரு கோலின் விலை ஏழை வீட்டுக்குப் பெரிது, அரசுக்குப் பெரிதல்ல. முன்பாதியைப் பள்ளிகள் தரட்டும், பின்பாதியை அரசு தர வேண்டும்.