நான்கில் ஒன்று இல்லை

ஆயிரம் பிரைமர் கொண்ட ஒரு பெட்டி 2019இல் அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் 30, 35 டாலருக்குக் கிடைத்தது. 2021இல் கடையில் அந்தப் பெட்டியே இல்லை. வைத்திருந்தவரிடம் கைமாற்றாக வாங்கினால் 100 டாலருக்கு மேல்; ஏலத்தில் அதையும் தாண்டிப் போனது. பணம் கொடுக்கத் தயாராக இருந்தவர்களும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

தோட்டாவின் அடிப்பகுதியில் பதித்திருக்கும் சின்னஞ்சிறு உலோகக் கிண்ணம்தான் பிரைமர். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கான சிறிய வகை நாலரை மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. உள்ளே துளியளவு வெடிக்கலவை. துப்பாக்கியின் ஊசி அதைத் தட்டியதும் பொறி பறந்து வெடிமருந்து பற்றிக்கொள்ளும். எரிந்த மருந்தின் வாயு குண்டைக் குழல் வழியே தள்ளும். பித்தளைக் கூடு, பிரைமர், மருந்து, குண்டு என நான்கே பொருள்தான் ஒரு தோட்டா. சுட்டபின் மிஞ்சுவது கூடு மட்டும். அதைக் குப்பையில் போடாமல் மற்ற மூன்றையும் புதிதாக நிரப்பி மறுபடி தோட்டாவாக்குவதை ரீலோடிங் என்கிறார்கள். அமெரிக்காவில் பல லட்சம் பேர் இதை வீட்டிலேயே செய்கிறார்கள். போட்டிகளுக்குப் பயிற்சி எடுப்பவர்கள், மான் வேட்டைக்குப் போகிறவர்கள், ஓய்வுபெற்ற மெக்கானிக்குகள் எனப் பலதரப்பட்டவர்கள். தோட்டா விலை பாதியாகக் குறையும் என்று தொடங்கியவர்கள் பலர். வேலையின் நுணுக்கத்தில் மயங்கி அதிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு.

அந்த வேலையை ஒருமுறை பார்த்தால் மயக்கத்தின் காரணம் விளங்கும். கார் நிறுத்துமிடத்தின் மூலையில் கனமான ஒரு மேசை, அதில் போல்ட் போட்டு இறுக்கிய கைப்பிடி பிரஸ். சுட்டுக் கறுத்த கூடுகளை மக்காச்சோளச் சக்கைத் தூளோடு ஒரு கலத்தில் போட்டுச் சில மணி நேரம் அதிரவிட்டால் பளபளவென்று வெளியே வரும். சுடும்போது விரிந்த கூட்டை பிரஸ்ஸில் உள்ள எஃகு அச்சு பழைய அளவுக்குச் சுருக்கும். அதே இழுப்பில் ஓர் ஊசி பழைய பிரைமரை வெளியே தள்ளும். புதிய பிரைமரை அழுத்தி உட்கார வைத்தபின் மருந்து. அதைக் கிரெயின் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்த பிறகே குண்டைப் பொருத்துவார்கள். தவறி இரண்டு முறை மருந்து விழுந்த ஒரே ஒரு கூடு போதும், துப்பாக்கியே கையில் சிதற.

இந்தத் தொழிலின் பெரிய பெயர்கள் சில தட்டுப்பாட்டில் பிறந்தவைதான். இரண்டாம் உலகப் போரில் செம்பும் ஈயமும் மருந்தும் ராணுவத்துக்குப் போய்விட, சாதாரண வேட்டைக்காரருக்கு எதுவும் கிடைக்கவில்லை. கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பிரெட் ஹண்டிங்டன் என்ற இளைஞர் தம் தந்தையின் சலவைக்கடையின் பின்பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வழி கண்டார். பாயிண்ட் 22 தோட்டாவுக்குத் தனிப் பிரைமர் கிடையாது; வெடிக்கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். அதனால் சுட்ட கூட்டை மறுபடி நிரப்ப வழியில்லை, வெறும் குப்பை. அந்தக் குப்பையை எடுத்து, உள்ளே ஈயம் வைத்து, அச்சில் அழுத்தி, சக்திமிக்க ரைபிளுக்கான உறைபோட்ட குண்டாக மாற்றும் கருவியை அவர் 1943இல் செய்தார். ரீலோடிங் செய்பவர்கள் இன்று அறியாமலிருக்க முடியாத ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் தொடக்கம் அது. ஐடஹோவின் லூயிஸ்டனில் வெர்னன் ஸ்பியரும் போர்க்காலத்தில் அதே பாயிண்ட் 22 கூடுகளிலிருந்தே குண்டு செய்தார்.

போர் முடிந்ததும் கான்சாஸில் புரூஸ் ஹாட்ஜன் செய்தது இன்னும் துணிச்சலானது. ராணுவத்திடம் மலையாகக் குவிந்திருந்த உபரி மருந்து வீணாகப் போகும் என்பதை உணர்ந்தவர், ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி 50,000 பவுண்டு மருந்தை ஒரே மூச்சில் வாங்கினார். வைக்க இடம்? பழைய ரயில் பெட்டி ஒன்றை மேய்ச்சல் நிலத்தில் கொண்டுபோய் நிறுத்தி அதையே கிடங்காக்கினார். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் இன்றும் அமெரிக்க மருந்துச் சந்தையில் முன்னணியில் நிற்கிறது.

குண்டுக்கு வழி கண்டார்கள், மருந்துக்கும் கண்டார்கள். பிரைமருக்கு மட்டும் எவராலும் வீட்டில் பாதுகாப்பான வழி காண முடியவில்லை. 2020இல் அடி விழுந்தது அங்கேதான்.

அந்த ஆண்டு மார்ச்சில் கொரோனா முடக்கம். மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் பிளாய்ட் போலீஸ் கையில் கொல்லப்பட்டு நாடு முழுக்கப் போராட்டம். நவம்பரில் அதிபர் தேர்தல். ஒவ்வொரு அச்சமும் ஆட்களைத் துப்பாக்கிக் கடைக்குத் துரத்தியது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்பிஐ அமைப்பு 2019இல் 2.84 கோடி சோதனைகளை நடத்தியிருந்தது. 2020இல் அது 3.97 கோடியானது. முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் மட்டும் 84 லட்சம் பேர் என்பது துப்பாக்கித் தொழில் சங்கத்தின் மதிப்பீடு. ஆளுக்கு 50 தோட்டா கொண்ட இரண்டே பெட்டி வாங்கினால்கூட 84 கோடி தோட்டா. ஏற்கெனவே சுட்டுக்கொண்டிருந்தவர்களின் தேவை இந்தக் கணக்கில் இல்லை.

போதாக்குறைக்கு, ரெமிங்டன் நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் திவாலானது. அர்கான்சாஸின் லோனோக்கில் இருந்த அதன் பெரிய தோட்டா ஆலை, விஸ்டா நிறுவனம் அதை 8.14 கோடி டாலருக்கு ஏலத்தில் எடுக்கும்வரை தள்ளாடியது. பெடரல், சிசிஐ என்ற இரண்டு பெரிய பெயர்களும் ஏற்கெனவே விஸ்டா கையில்தான் இருந்தன. ஆலைகள் தோட்டாவைப் பதுக்குகின்றன என்று புகார் கிளம்பியபோது பெடரலின் தலைவர் ஜேசன் வாண்டர்பிரிங்க் வீடியோவில் வந்து பதில் சொன்னார்: ஓராண்டுக்கும் மேலான, 100 கோடி டாலரைத் தாண்டிய ஆர்டர் கையில் நிற்கிறது, ஆலை ஓயாமல் ஓடுகிறது என்று.

அமெரிக்காவில் பெருமளவில் பிரைமர் செய்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்: மினசோட்டாவின் அனோகாவில் பெடரல், லூயிஸ்டனில் சிசிஐ, லோனோக்கில் ரெமிங்டன், இவற்றோடு வின்செஸ்டர். வேலையும் ஆபத்தானது. பிரைமரில் இருக்கும் லெட் ஸ்டிஃப்னேட் லேசான உரசலுக்கே வெடித்துவிடும் என்பதால் ஈரம் காயுமுன்பே அதைக் கிண்ணங்களில் நிரப்பியாக வேண்டும். இதற்கு ஆளையும் கட்டடத்தையும் ஒரே இரவில் இரட்டிப்பாக்க முடியாது. கிடைக்கும் பிரைமரை ஆலைகள் முதலில் தங்கள் தோட்டாக்களுக்கே பயன்படுத்தின. மிஞ்சியது மட்டுமே தனிப் பெட்டியாக வெளியே வந்தது. பிரஸ்ஸும் அச்சும் வாளி நிறையப் பளபளக்கும் கூடுகளும் வைத்திருந்தவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். சொந்தக் கையை நம்பித் தொடங்கிய ஒரு பழக்கம் நாலைந்து ஆலைகளை எந்த அளவுக்கு நம்பியிருந்தது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

சமாளித்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? பெரும்பாலும், குறைவாகச் சுட்டுத்தான். ஒரு வாரத்தில் 200 தோட்டாவைக் கொட்டித் தீர்த்தவர்கள் ஐம்பதோடு நிறுத்தி, ஒவ்வொன்றையும் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். தோட்டா இல்லாத துப்பாக்கியை, காலியாக இருக்கிறதா என்று இருமுறை பார்த்தபின், சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து விசையை இழுக்கும் பழைய பயிற்சி மறுபடி மவுசு பெற்றது. அது விரலுக்கும் கண்ணுக்கும் தரும் பலன் பெரியது. காற்றுத் துப்பாக்கியும் கைகொடுத்தது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிளில் மருந்தும் இல்லை, பிரைமரும் இல்லை. நாலரை மில்லிமீட்டர் ஈயப் பெல்லட் மட்டும்தான். குறிபார்க்கும் ஒழுக்கத்தைக் கற்க அது தாராளமாகப் போதும்.

பகிர்ந்துகொண்டவர்களும் உண்டு, இந்தக் கதையில் மனதுக்கு நிறைவு தருபவர்கள் அவர்களே. பிரைமரும் மருந்தும் அபாயச் சரக்கு என்பதால் கூரியரில் வந்த ஒவ்வொரு பார்சலுக்கும் 20, 30 டாலர் தனிக் கட்டணம். அதனால் ஒரு கிளப்பைச் சேர்ந்தவர்கள் ஒன்றுகூடி ஒரே ஆர்டராகப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவரிடம் பிரைமர், இன்னொருவரிடம் மருந்து என்று பண்டமாற்று நடந்தது. பல கடைகள் ஆளுக்கு ஒரு பெட்டி என்று வரம்பு வைத்தன. அப்படி வைத்திராவிட்டால் காலையில் முதலில் வந்த மூன்று பேரே முழுச் சரக்கையும் அள்ளிப்போயிருப்பார்கள்.

சிலர் தேடிய வழிகள் கவலைக்குரியவை. வீட்டிலேயே பிரைமர் கலவை தயாரிக்கப் பார்த்தவர்கள் விரலையும் கண்ணையும் பணயம் வைத்தார்கள். எந்தத் தட்டுப்பாட்டுக்கும் அது தகுந்த விலையல்ல. கையேட்டில் சொன்ன மருந்து கிடைக்கவில்லையென்று கிடைத்ததைப் போடுவதும் அதே அளவு விபரீதம். கைத்துப்பாக்கி மருந்து பொதுவாக வேகமாக எரியும், ரைபிள் மருந்து மெதுவாக எரியும். இடம் மாறினால் அழுத்தம் எகிறும். பிரைமரின் வகையை மாற்றினாலே மருந்தைக் குறைத்துக்கொண்டு படிப்படியாக ஏறிவரச் சொல்கின்றன கையேடுகள். இதற்கிடையில் பெயர்பெற்ற விற்பனையாளர்களைப் போலவே இணையதளம் தொடங்கி, பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்த மோசடிக்காரர்களிடம் ஏமாந்தவர்களும் ஏராளம்.

பதுக்கலைப் பேசாமல் இந்தக் கதை முழுமையாகாது; அது 2020இல் தொடங்கியதும் அல்ல. 2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சட்டம் கடுமையாகும் என்ற பயத்தில் மக்கள் தோட்டாக்களை அள்ளினார்கள். மிகச் சாதாரணமான பாயிண்ட் 22 தோட்டாகூட நீண்ட காலம் அலமாரியில் நிற்கவில்லை. அத்தனை பிஞ்சுகள் பலியான செய்திக்கு ஒரு சந்தை இப்படிப் பதில் சொன்னது நெஞ்சை அறுக்கிறது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 160 கோடி தோட்டாவை வாங்கிக் குவிக்கிறது, அதனால்தான் பஞ்சம் என்ற வதந்தியும் அப்போது பரவியது. அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் விசாரித்து 2014 ஜனவரியில் அறிக்கை தந்தது: அந்தத் துறை 2008 முதல் 2013 வரை வாங்கியது ஆண்டுக்குச் சராசரியாக 10.9 கோடி, அதுவும் குறைந்துகொண்டே வந்திருந்தது. அலமாரியைக் காலி செய்தவர்கள் பெரும்பாலும் கடை வரிசையில் நின்றவர்கள்தான். வீட்டில் 10,000 பிரைமருக்கு மேல் வைக்கக்கூடாது என்று தீத்தடுப்பு விதித்தொகுப்பு சொல்கிறது. பதுக்கியவர் வீட்டில் தீப்பிடித்தால் உள்ளே ஓடப்போவது தீயணைப்பு வீரர் என்பதையாவது அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

வெளிநாட்டுச் சரக்கு கொஞ்சம் மூச்சு விட வைத்தது. போஸ்னியாவின் கொராஜ்தே நகரில் செய்த ஜினெக்ஸ் பிரைமர்கள் அமெரிக்க மேசைகளுக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். மறுபுறம் ஒரு கதவு மூடியது. ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னிக்கு நஞ்சு வைத்த விவகாரத்தில் 2021 செப்டம்பர் 7 முதல் ரஷ்யத் துப்பாக்கி, தோட்டா இறக்குமதிக்குப் புது அனுமதி கிடையாது என்று அமெரிக்கா அறிவித்தது. மலிவான ரஷ்ய எஃகுக் கூட்டுத் தோட்டாவை நம்பியிருந்தவர்கள் பித்தளைக் கூட்டுத் தோட்டாவின் பக்கம் திரும்ப, அங்கேயும் நெருக்கடி கூடியது.

2022க்குப் பிறகு பிரைமர் மெல்லக் கடைக்குத் திரும்பியது. பழைய விலை மட்டும் திரும்பவில்லை. அந்த ஆண்டே இத்தாலியின் பியோக்கி நிறுவனம் அர்கான்சாஸின் லிட்டில் ராக்கில் பிரைமர் ஆலை அமைக்கப்போவதாக அறிவித்தது. ஆனால் இம்முறை தட்டுப்பாடு மருந்தின் பக்கம் நகர்ந்தது. புகையில்லா வெடிமருந்தின் உயிர் நைட்ரோசெல்லுலோஸ். அதற்கு மூலப்பொருள் பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டை இழை. நீலகிரியின் அருவங்காடு கார்டைட் ஆலையை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சரக்கின் குடும்பம் புதிதல்ல. உக்ரைன் போரில் பீரங்கிகள் இந்த மருந்தை மூட்டை மூட்டையாக விழுங்கின. 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டின் அமெரிக்க உற்பத்தி போருக்கு முன் மாதம் சுமார் 14,000. அதை ஒரு லட்சமாக்குவது இலக்கானது. பருத்தி இழைக்கு ஐரோப்பா 70 சதவீதத்துக்கு மேல் சீனாவை நம்பியிருக்கிறது என்று ஜெர்மனியின் ரைன்மெட்டால் தலைவர் அர்மின் பாப்பர்கர் 2024இல் எச்சரித்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில், உலகளாவிய மருந்துத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி விஸ்டா விலையை உயர்த்தியது. பிரைமருக்காக இரண்டாண்டு காத்திருந்த மேசைகளில் இப்போது பிரைமர் இருந்தது. மருந்து டப்பாவைத்தான் கடை கடையாகத் தேட வேண்டியிருந்தது.