காலடியில் ராவணன், கவனம்!

குனிந்து வாருங்கள், கயிறு தடுக்கும்! கோயில் கொடை விழாவுக்கு வந்த கூட்டம் வெள்ளைத் திரைக்கு அந்தப் பக்கம் கடலை கொறித்துக்கொண்டிருக்கிறது. நமக்கு மட்டும் இந்தப் பக்கம் இடம் கிடைத்துவிட்டது. காட்டாக்கடையிலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை தாண்டி இந்த எல்லையோர ஊருக்கு வந்ததே இதற்குத்தான். தோல்பாவைக்கூத்தை அதன் முதுகுப் பக்கமிருந்து பார்க்க வேண்டும்!

நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும் இடம். ஆர்மோனியம், மிருதங்கம், பாதி குடித்த சோடா, கொடியில் ஈரத்துண்டு. நான் உட்காரப் போனேன். “மக்களே, பாத்து இரி. கிடக்கது ராவணனாக்கும்!” என்றார் கூத்துக்காரர். பத்துத் தலையும் பாயில் மல்லாந்து கிடக்கின்றன. பக்கத்திலேயே ராமர். சண்டைக்கு இன்னும் நேரமிருக்கிறது.

திரையில் முதலில் ஏறப்போவது பிள்ளையார். ஆனால் என் கண் அசோகவனத்து மரத்தை விட்டு நகரவில்லை. ஆட்டுத்தோலில் வெட்டிய மரம். கிளையில் ஒரு அணில், இலை மறைவில் குருவி, அடியில் ஊர்ந்து போகும் பாம்பு. ஒவ்வொரு இலைக்கும் உளியால் பொடிப்பொடியாகத் துளை. விளக்கு ஏறியதும் வெளிச்சம் அவற்றின் வழியே கசியும். முன்வரிசையில் இருப்பவருக்கும் அணில் தெரியுமா என்பது சந்தேகம்தான். “தெரியாட்டா என்ன? சீதைக்குத் துணை வேண்டாமா?” என்கிறார் கூத்துக்காரர். கிழிந்த கிளையொன்றில் கறுப்பு நூல் தையல்கூட இருக்கிறது.

இந்தக் கலைஞர்கள் வீட்டுக்குள் மராத்தி பேசுபவர்கள், திரைக்குப் பின்னால் தமிழ். நாட்டுப்புறவியல் ஆய்வாளர் அ.கா. பெருமாள் இவர்களைப் பற்றி ஆய்ந்து எழுதியிருக்கிறார். இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. நடுவில் மாநில எல்லைக் கோடு விழுந்த பிறகும் இந்தக் கேரளப் பக்கத்தில் தமிழ் கேட்கக் காதுகள் இருக்கின்றன.

தொடங்கும் முன் கூத்துக்காரர் விழாக் கமிட்டிக்காரரைக் கூப்பிட்டு இரண்டு பேரின் பெயரைக் காதோடு கேட்டுக்கொள்கிறார். எதற்கு? சொல்லமாட்டேன் என்று சிரிக்கிறார்.

விளக்கு ஏறியது. அனல்! பிள்ளையார் வந்து போனதும், குடுமியை ஆட்டிக்கொண்டு உச்சிக்குடும்பன் குதித்தான், பின்னாலேயே உளுவத்தலையன். ராமாயணத்தில் இல்லாத இந்த இரண்டு பேருக்குத்தான் கூட்டத்தில் முதல் விசில். ராமரும் சீதையும் அனுமனும் இந்தக் கோமாளிகளும் எல்லாமே ஒரே தொண்டை! வலது கையில் ஒருவன், இடது கையில் மற்றவன், காலோ பலகையை மிதித்து அடிச்சத்தம் எழுப்புகிறது. மனைவி பாட்டுக்குக் குரல் கொடுக்கிறார். மகன் அடுத்த பாவையைக் குச்சியோடு நீட்டுகிறான். ஒரு தடவை அனுமனுக்குப் பதில் வேறொரு குரங்கை நீட்டிவிட்டான். அப்பா முழங்கையால் தள்ள, சரியான ஆள் வந்து சேர்ந்தார். வெளியே யாருக்கும் தெரியாது!

இதைப் பார்க்கும்போது கார்ட்டூன் நினைவுக்கு வருகிறது. கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் டூன்ஸ் அனிமேஷன் நிறுவனம் தெனாலிராமனைக் கார்ட்டூன் தொடராக்கியது. அந்த வேலைக்குப் பெரிய குழு வேண்டும். இங்கே சட்டை நனைந்து முதுகில் ஒட்ட, ஒரு குடும்பமே முழு ஸ்டூடியோ. எனக்கு இந்த அனல்தான் பிடித்திருக்கிறது.

உளுவத்தலையன் வயிற்றைத் தடவிக்கொண்டு, ஊர் டீக்கடைக்காரர் பெயரைச் சொல்லி, “கடன் கேட்டா முறைக்காருடா!” என்றான். திரைக்கு அப்பால் கூட்டம் வெடித்தது. காதோடு கேட்ட பெயர்கள் இதற்குத்தான்! கூத்துக்காரர் இரண்டு பாவைகளையும் ஒரே கையில் மாற்றிக்கொண்டு, சோடாவுக்குக் கை நீட்டினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.