அழிக்க ஒரு நொடி! தடுக்க எவ்வளவு நேரம், தெரியுமா?

ஒரே கல்லில் 32 அடி உயரத்துக்கு ஆஞ்சநேயர் நிற்கிற ஊர் நங்கநல்லூர். அந்தக் கல்லை யாராலும் டெலீட் செய்ய முடியாது! ஆனால் அதே ஊரில் ஏதாவது ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். மகள் கல்யாண ஆல்பம், அப்பாவின் சதாபிஷேக வீடியோ, ஃப்ளாட் பத்திரத்தின் ஸ்கேன், ஆடிட்டருக்குப் போக வேண்டிய டேலி கணக்கு... அத்தனையும் மாயமாக ஒரு விரல் போதும்! அந்த விரலைத் தடுக்கும் பூட்டுகள் ஏற்கெனவே உங்கள் கையில்தான் இருக்கின்றன. சல்லிக்காசு செலவில்லை! என்னென்ன பூட்டு, தெரியுமா?

இரண்டே எழுத்து, ஒரு சினிமாவையே விழுங்கியது!

1998. அமெரிக்காவின் பிக்ஸார் ஸ்டூடியோவில் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ ‘ஆர்எம்’ என்ற அழிக்கும் கட்டளையைத் தவறான இடத்தில் தட்டிவிட்டார். கண்ணெதிரே கதாபாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின! படத்தின் ஏறத்தாழ 90 சதவீத ஃபைல்கள் காலி! பேக்கப் இருக்கிறதே என்று போனால், அது பல வாரங்களாக ஒழுங்காகப் பதிவாகவே இல்லை! அப்புறம் எப்படிப் படம் வந்தது? தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காக ஒரு பிரதியை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாக ஏற்றி வந்தார்கள்! ஒரு பச்சைக் குழந்தை ஒரு படத்தையே காப்பாற்றியது என்றால் நம்புவீர்களா?

ஐந்து பேக்கப், ஐந்தும் புஸ்!

2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்தில் இரவு நேரத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவர், ஒரு சர்வர் என்று நினைத்து இன்னொரு சர்வரில் டேட்டாவை அழிக்கத் தொடங்கினார். சட்டென்று உறைத்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது எவ்வளவு? வெறும் 4.5! ஐந்து விதமான காப்பு முறைகள் வைத்திருந்தார்களாம். ஒன்றுகூட சமயத்துக்கு உதவவில்லை! ஆறு மணி நேரத்துக்கு முன் அவர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள்!

காவல்காரனே கொள்ளையடித்தால்?

2021 டிசம்பர். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் 77 டெராபைட் ஆய்வுத் தகவல் அழிந்தது. 3.4 கோடி ஃபைல்கள்! 14 ஆய்வுக் குழுக்களின் உழைப்பு! யார் அழித்தது தெரியுமா? பேக்கப் எடுக்கும் புரோகிராமேதான்! பழைய பதிவுகளை நீக்க வேண்டிய அது, திருத்தத்தில் நேர்ந்த பிழையால் நல்ல ஃபைல்களை நீக்கித் தள்ளியது!

டெலீட் செய்தால் போவது ஒரே ஒரு எழுத்து!

பழைய டாஸ் காலத்தில் ‘பட்ஜெட்’ என்ற ஃபைலை அழித்தால் என்ன நடக்கும்? ஃபைலுக்குள் இருப்பதைக் கம்ப்யூட்டர் தொடவே தொடாது! பெயரின் முதல் எழுத்தை மட்டும் மாற்றி, ‘இந்த இடம் காலி’ என்று குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான்! 1991-ல் வந்த எம்எஸ்-டாஸ் 5-ல் ‘அன்டெலீட்’ என்று தட்டினால், ‘?ட்ஜெட்’ என்று காட்டி, “முதல் எழுத்து என்ன?” என்று உங்களிடமே கேட்கும்! ஹார்ட் டிஸ்க்கில் இன்றைக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதனால் முக்கியமான ஃபைல் பறிபோனால் அந்த டிஸ்க்கில் வேறு எதையும் பதியாதீர்கள்! எஸ்எஸ்டி என்றால் கதை வேறு. அது காலியான இடத்தைத் தானே துடைத்துவிடும்!

குப்பைத்தொட்டி கேள்வி கேட்பதை நிறுத்தியது எப்போது?

விண்டோஸ் 95-ல் வந்தது ரீசைக்கிள் பின். அப்போதெல்லாம் “நிச்சயமாக அழிக்கட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேட்கும். விண்டோஸ் 8 முதல் அந்தக் கேள்வி தானாக வராது! திரும்பக் கேட்க வைக்கலாம், தெரியுமா? ரீசைக்கிள் பின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அடியில் இருக்கும் ‘டிஸ்ப்ளே டெலீட் கன்ஃபர்மேஷன் டயலாக்’ கட்டத்தில் ஒரு டிக். முடிந்தது!

பென்டிரைவில் அழித்தது எங்கே போகும்? எங்கேயும் போகாது! பென்டிரைவுக்கு வழக்கமாக ரீசைக்கிள் பின்னே கிடையாது. ஷிஃப்ட்டோடு சேர்த்து டெலீட் அழுத்தினாலும் அதே கதிதான். ஆபீஸில் எல்லோரும் பகிரும் நெட்வொர்க் ஃபோல்டரா? அங்கே அழிப்பதும் உங்கள் தொட்டிக்கு வராது!

‘ரீட் ஒன்லி’ பூட்டா? ஏமாறாதீர்கள்!

ஃபைலை ‘ரீட் ஒன்லி’ ஆக்கிவிட்டால் யாரும் அழிக்க முடியாது என்றுதானே நினைக்கிறீர்கள்? அது திருத்துவதைத்தான் தடுக்கும். தொட்டிக்கு இழுத்துப் போவதைத் தடுக்காது! லினக்ஸில் இன்னும் வேடிக்கை. ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைலின் அனுமதியே தேவையில்லை, அது இருக்கும் ஃபோல்டரின் அனுமதி இருந்தால் போதும்! ஆனால் ‘சிஹெச்ஏட்டர்’ என்ற கட்டளையால் ஒரு ஃபைலை ‘மாறாதது’ என்று குறித்துவிட்டால்? சர்வ அதிகாரமும் படைத்த ‘ரூட்’ வந்தாலும் அந்தக் குறியை எடுக்கும் வரை அழிக்க முடியாது! ஆப்பிள் மேக்கில் இன்னும் சுலபம். ‘கெட் இன்ஃபோ’ திறந்து ‘லாக்டு’ கட்டத்தில் ஒரு டிக்!

நகத்தளவு பூட்டு, உள்ளே ஒன்றுமே இல்லை!

கேமராவிலிருந்து எஸ்டி கார்டை உருவிப் பாருங்கள். இடது ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. நகத்தால் கீழே தள்ளினால் பூட்டு! ஆச்சரியம் என்ன தெரியுமா? அந்தத் துண்டுக்கும் கார்டுக்குள் இருக்கும் சில்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை! துண்டு எங்கே நிற்கிறது என்று கேமராதான் தடவிப் பார்த்துக் கட்டுப்படுகிறது. போனில் போடும் மைக்ரோ எஸ்டியில் அந்தத் துண்டும் கிடையாது!

ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு பதிந்து வாங்கிய காலம் நினைவிருக்கிறதா? கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னத் தாழை உடைத்தால் மேலே பதிய முடியாது. மறுபடி பதிய வேண்டுமா? அதே ஓட்டையில் செல்லோ டேப்! ஃப்ளாப்பியிலோ தலைகீழ் விளையாட்டு! பெரிய ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியில் ஓரத்து வெட்டை ஸ்டிக்கர் ஒட்டி மூடினால் பாதுகாப்பு. சின்ன மூன்றரை அங்குலத்தில் ஓட்டை திறந்திருந்தால்தான் பாதுகாப்பு!

அழியாத ஃபோல்டர் ஒன்று உண்டு!

விண்டோஸில் ‘கான்’ என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்துப் பெயர் வைத்து ஃபோல்டர் திறந்து பாருங்கள். முடியாது! பில் கேட்ஸாலேயே காரணம் சொல்ல முடியவில்லை என்று மெயில் ஃபார்வர்டு சுற்றியதே, அது சும்மா! டாஸ் காலத்தில் கீபோர்டுக்கும் திரைக்கும் ஒதுக்கிய பெயர் அது. ஆனால் கமாண்ட் பிராம்ட்டில் சுற்றுவழியாக அந்தப் பெயரில் ஃபோல்டர் உண்டாக்கிவிட்டால்? மவுஸை வைத்துக்கொண்டு எவ்வளவு முட்டி மோதினாலும் அழியாது! வேடிக்கைக்குச் சரி, கல்யாண ஆல்பத்தை அதில் வைத்துவிடாதீர்கள்!

உங்கள் போன் எத்தனை நாள் பொறுக்கும்?

ஜிமெயில் குப்பை: 30 நாள்! கூகுள் டிரைவ்: 30 நாள்! ஐபோன் படங்கள்: 30 நாள்! கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம்: 60 நாள்! வாட்ஸ்அப்பில் தவறுதலாக ‘டெலீட் ஃபார் மீ’ அழுத்திவிட்டால்? வெறும் 5 நொடி! 2022 டிசம்பரில்தான் அந்த ஐந்து நொடியும் கிடைத்தது!

இன்னொன்று தெரியுமா? ‘சின்க்’ வேறு, பேக்கப் வேறு! போனில் இடம் போதவில்லை என்று கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால், அதே கணக்கைத் திறந்து வைத்திருக்கும் டேப்லெட்டிலும் அது மறைந்துவிடும்!

ஆடிப்பெருக்கில் போன ‘ஃபைல்கள்’!

தமிழனுக்கு டெலீட் புதிதா என்ன? பழைய ஏட்டுச்சுவடிகளை ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் விடும் வழக்கமே இருந்தது! எத்தனை நூல் போயிற்றோ! தப்பியவற்றைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் உ.வே.சா. அவர் பெயரில் 1943-ல் தொடங்கிய நூலகம் இன்றும் பெசன்ட் நகரில் இருக்கிறது. நங்கநல்லூரிலிருந்து ஒரு எட்டு போய் வரலாம்!

பிக்ஸார் படம் அழிந்த அதே 1998-ல் என்ன நடந்தது தெரியுமா? பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது! சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகெங்கும் தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கினார்கள். 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தவை சுமார் 97,000 நூல்கள். 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்க்கிறது நூலகம் திட்டம். ஆயிரம் பேரிடம் பிரதி இருந்தால் ஒரு விரல் என்ன செய்ய முடியும்?

3-2-1, இதுதான் மந்திரம்!

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில்! வெளியூர் எதற்கு என்கிறீர்களா? 2015 டிசம்பர் வெள்ளம் மறந்துவிட்டதா? நங்கநல்லூருக்குப் பக்கத்து விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக் கிடந்தது! டிசம்பர் 2 அன்று சென்னையில் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் அச்சாகவில்லை. 1878-ல் தொடங்கியதிலிருந்து அதுதான் முதல்முறை! கம்ப்யூட்டரும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தால் தண்ணீர் இரண்டையும் சேர்த்தே தூக்கிவிடாதா? ஒரு டிஸ்க்கைக் கோயம்புத்தூர் தம்பி வீட்டில் வையுங்கள். இல்லையென்றால் கிளவுடில் வையுங்கள்!

கடைசியாக ஒன்று!

உலக பேக்கப் தினம் எது தெரியுமா? மார்ச் 31! ஏப்ரல் முட்டாள் ஆவதற்கு முந்தைய நாள் என்று வெளிநாட்டில் கிண்டலாகத் தேர்ந்தெடுத்தார்கள். நம் நாட்டில் அன்றைக்குத்தான் நிதியாண்டே முடிகிறது! கடைக்காரரும் ஆடிட்டரும் விடிய விடியக் கணக்கு முடிக்கும் நாள்! டேலியை மூடுமுன் அதிலேயே இருக்கும் ‘பேக்கப்’பை ஒருமுறை தட்டுங்கள். தட்டியதோடு விடாதீர்கள், வேறொரு கம்ப்யூட்டரில் அந்தப் பிரதியைத் திறந்தும் பாருங்கள். கிட்லேப்பின் பேக்கப்புகள் சமயத்தில் காலை வாரியதற்கு இப்படித் திறந்து பார்க்காததும் ஒரு காரணம்!