கொஞ்சம் ஒதுங்கி நின்றால் போதும்

காட்பாடியிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் போய் வருகிறவர்களுக்குப் பாகாலா ஜங்ஷனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சித்தூர் தாண்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே வரும் ஊர். இங்கிருந்து ஒரு தண்டவாளம் காட்பாடிக்கு, ஒன்று திருப்பதிக்கு, மூன்றாவது பீலேர், கதிரி வழியாகத் தர்மாவரத்துக்கு. வண்டி வந்து நிற்கும். டீ வாங்கிக் குடித்து, கப்பைக் கசக்கிப் போட்ட பிறகும் நிற்கும்.

"என்னண்ணா, இவ்ளோ நேரமா நிக்குதே?"

"கிராசிங் போட்டிருக்கான்பா. அது வந்தாத்தான் இது போகும்."

இந்த ஒரு வரி புரிந்தவருக்குக் கோல்ஃப் ஆட்டத்தின் தீராத தலைவலி ஒன்றும் புரிந்துவிடும். பாகாலாவில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனாலும் கோல்ஃப் ஆடுகிறவர்கள் உலகம் முழுக்கப் புலம்புகிற அந்த விஷயத்துக்கு, அதாவது முன்னால் ஆடிக்கொண்டு போகும் குழு நகராமல் நம்மை நிற்க வைப்பதற்கு, பாகாலா பிளாட்பாரத்தைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக முதலில் இரண்டு வார்த்தை. பந்தை அடித்து அடித்துக் குழிக்குள் தள்ள வேண்டும். மொத்தம் 18 குழிகள். அடிக்கத் தொடங்கும் மேடைக்கு டீ என்று பெயர். குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரைக்கு கிரீன். ஒன்று முடிந்ததும் அடுத்ததின் டீக்கு நடக்க வேண்டும். பெரும்பாலும் நான்கு பேர் ஒரு குழு. முதல் குழு கிளம்பி எட்டோ பத்தோ நிமிடம் கழித்து அடுத்த குழு, அதற்குப் பின் இன்னொன்று. எல்லாரும் ஒரே வழியில், ஒரே வரிசையில். நினைத்த இடத்தில் முந்திக்கொண்டு போக முடியாது. ஏனென்றால் 46 கிராமுக்குள் இருக்கிற அந்தக் கெட்டிப் பந்து 200 மீட்டருக்கு மேல் பறக்கும். முன்னால் நிற்பவர் மண்டையில் பட்டால் ஆளே காலி. முன்னால் இருப்பவர்கள் எட்டாத தூரம் போகும் வரை பின்னால் இருப்பவர் அடிக்கவே கூடாது.

ஒற்றைப் பாதை ரயிலும் இப்படித்தான். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே உள்ள துண்டில் ஒரு வண்டி இருந்தால் இன்னொன்றை உள்ளே விடமாட்டார்கள். இதற்கு நம் ரயில்வே நெடுங்காலம் வைத்திருந்த ஏற்பாடே ஒரு பந்துதான். நீல்ஸ் பால் டோக்கன் என்று பெயர். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் ஒரு இரும்புப் பெட்டி; அடுத்த ஸ்டேஷனில் அதற்கு ஜோடி. இரண்டு பேரும் மணியடித்துப் பேசிச் சம்மதித்தால் பெட்டியிலிருந்து ஒரே ஒரு உலோகப் பந்து விழும். அதைப் பைக்குள் போட்டு, பெரிய வளையம் ஒன்றில் மாட்டி, ஓடுகிற எஞ்சினின் டிரைவருக்கு நீட்டுவார்கள். அவர் கையை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொள்வார். அந்தப் பந்து அடுத்த ஸ்டேஷன் பெட்டிக்குள் போய்ச் சேரும்வரை அந்தத் துண்டுக்கு இன்னொரு பந்து கிடைக்காது. பந்து கையில் உள்ளவருக்கே வழி. கோல்ஃபுக்காகவே சொன்னது போல இருக்கிறது.

சரி, தாமதம் எங்கிருந்து வருகிறது?

பின்னால் நிற்பவரைக் கேட்டால், "முன்னாடி போற நாலு பேரும் ஆமை" என்பார். பாதி உண்மை. ஒரு சாதாரண ஆட்டக்காரர் 18 குழிகளை முடிக்க 90 அடி எடுக்கிறார் என்று வையுங்கள். நான்கு பேருக்கு 360 அடி. ஒவ்வோர் அடிக்கும் 10 விநாடி கூடுதலாக யோசித்தால் 3,600 விநாடி. சரியாக ஒரு மணி நேரம்! யாரும் உட்கார்ந்து கதை பேசவில்லை, போன் பேசவில்லை. கையுறையை ஒருமுறை இழுத்துவிட்டது, காற்று எந்தப் பக்கம் என்று புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தது, ஒத்திகைக்கு மட்டையை இன்னொரு முறை வீசியது, அவ்வளவுதான். நான்கு மணி நேர ஆட்டம் ஐந்து மணி நேரம் ஆகிவிடும்.

மீதிப் பாதிக்கு முன்னால் போகிறவர்கள் பொறுப்பே இல்லை. குழிகள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. நீளமான குழியில் ஒரு குழு கிரீனில் இருக்கும்போதே இன்னொரு குழு டீயிலிருந்து அடித்துவிட்டு நடுவில் நடந்து வரலாம். ஒரே குழியில் இரண்டு குழுக்கள், ஐந்து முறை அடித்து முடிக்க வேண்டிய குழி என்றால் மூன்றுகூடக் கொள்ளும். ஆனால் பார்-3 என்று ஒன்று உண்டு. மூன்றே அடியில் முடிய வேண்டிய குட்டைக் குழி. டீயிலிருந்து அடித்தால் பந்து நேரே கிரீனில் போய் விழும். ஆகவே அங்கே ஒரு குழு முழுதாக முடித்துக் கிளம்பினால்தான் அடுத்த குழு முதல் அடியையே அடிக்கலாம். அதாவது அந்த இடம் சுத்தமான ஒற்றைப் பாதை.

கணக்குப் போடுங்கள். 8 நிமிடத்துக்கு ஒரு குழுவை அனுப்புகிறார்கள். பார்-3 குழியை முடிக்க ஒரு குழுவுக்கு 10 நிமிடம் ஆகிறது. இரண்டாவது குழு அங்கே 2 நிமிடம் காத்திருக்கும். மூன்றாவது 4 நிமிடம். பதினோராவது குழு 20 நிமிடம் நிற்கும். இத்தனைக்கும் யாருமே மெதுவாக ஆடவில்லை! அந்தப் பதினோராவது குழு திட்டுவது யாரை? தனக்கு நேர் முன்னால் நிற்கும் பத்தாவது குழுவை. பாவம், அதுவும் 18 நிமிடம் நின்றுவிட்டுத்தான் வந்தது. இதில் குற்றவாளி நேரம் குறித்துக் கொடுத்தவர். கூட்டம் அதிகம், எல்லாருக்கும் இடம் தர வேண்டும் என்று இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால், வண்டிக்கு மேல் வண்டி விட்ட கதைதான்.

சென்னையில் இது இன்னும் கூர்மை. கிண்டியில் குதிரைப் பந்தயப் பாதைக்குள்ளேயே அமைந்திருந்த மைதானமும் நந்தனம் மைதானமும் சென்னை கோல்ஃபுக்குப் பழைய விலாசங்கள். நம் வெயிலில் பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் நடக்க முடியுமா? விடிந்தும் விடியாமலும் எல்லாரும் வந்து நிற்பார்கள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்துக்குள் ஊரே கிளம்ப வேண்டும் என்றால் நெரிசல் வராமல் என்ன செய்யும்? கொடைக்கானல் மைதானத்தில் வேறு கதை. 1895இல் தொடங்கிய கிளப். அங்கே காட்டெருமைகள் மேய வந்துவிடும். அந்தக் குழுவை ஒதுங்கச் சொல்ல எந்த விதியிலும் இடமில்லை. கொழும்பின் ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பில் களனிவெளி ரயில் பாதை மைதானத்தின் ஊடாகவே போகிறது. ரயில் வந்தால் ஆட்டக்காரர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பாகாலாவும் கோல்ஃபும் ஒரே சட்டகத்தில் வேண்டும் என்பவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம்.

இனி விதிக்கு வருவோம். யாருக்கு முதல் வழி?

ரயிலில் இதற்கு அந்தஸ்து உண்டு. ராஜதானி வந்தால் எக்ஸ்பிரஸ் ஒதுங்கும், எக்ஸ்பிரஸ் வந்தால் பாசஞ்சர் ஒதுங்கும், எல்லாருக்கும் ஒதுங்கக் கூட்ஸ் இருக்கிறது. கோல்ஃபிலும் முன்பு அப்படியே இருந்தது. இரண்டு பேர் ஆடும் ஆட்டத்துக்கு மூன்று, நான்கு பேர் ஆட்டம் வழிவிட வேண்டும்; தனியாக ஆடுகிறவருக்கு எந்த உரிமையும் இல்லை, அவர் எல்லாருக்கும் ஒதுங்க வேண்டும் என்றே புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 2004இல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை பேர் என்பது கணக்கில்லை, வேகம்தான் கணக்கு. ஒரு குழு தனக்கு முன்னே உள்ள குழுவிலிருந்து முழுதாக ஒரு குழி பின்தங்கி, பின்னால் வருகிறவர்களையும் நிற்க வைத்தால், அது பின்குழுவைக் கூப்பிட்டு முன்னே போகவிட வேண்டும் என்று அப்போது எழுதினார்கள்.

இதில் பலரும் தவறவிடும் ஒரு வார்த்தை இருக்கிறது: முழுதாக ஒரு குழி. கோபம் வரும்போது முன்குழுவைப் பார்க்காதீர்கள். அவர்களுக்கு முன்னால் பாருங்கள். அங்கே குழி காலியாகக் கிடந்தால் தாமதம் இவர்களுடையது. அங்கேயும் ஒரு கூட்டம், அதற்கு அப்பாலும் ஒரு கூட்டம் என்றால் இவர்களை முந்தி நீங்கள் போகப்போவது அடுத்த முதுகு வரைக்கும்தான். எதிர் வண்டி வராமல் சிக்னல் விழாதபோது முன்பெட்டிக்கு மாறி உட்கார்ந்து என்ன பயன்?

2019இல் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் போட்டபோது நேரத்துக்கென்றே சில மாற்றங்கள் வந்தன. தொலைந்த பந்தைத் தேட 5 நிமிடம் இருந்ததை 3 ஆக்கினார்கள். தடங்கல் இல்லாதபோது 40 விநாடிக்குள் அடித்துவிடுவது நல்லது என்று எழுதினார்கள். குழிக்குத் தூரத்தில் இருப்பவரே முதலில் அடிக்க வேண்டும் என்ற பழைய மரியாதையைப் பிடித்துத் தொங்காமல், ஆபத்தில்லை என்றால் தயாராக இருப்பவர் அடிக்கட்டும் என்றார்கள். குழியில் நட்ட கொடிக்கம்பைப் பிடுங்காமலே பந்தைத் தள்ளலாம் என்றானதும் அப்போதுதான். சின்னச் சின்ன விநாடிகள். 360ஆல் பெருக்கிப் பாருங்கள், புரியும்.

பெரிய போட்டிகளில் தண்டனையும் உண்டு. ஆனால் அது யார் மீது விழுகிறது என்பதில் எனக்கு ஒரு வருத்தம். 2013 மாஸ்டர்ஸ் போட்டியில் சீனாவின் குவான் தியான்லாங் என்ற 14 வயதுப் பையன் ஆடினான். தாமதம் என்று அவனுக்கு ஓர் அடி அபராதம் போட்டார்கள். அதையும் தாங்கிக்கொண்டு கடைசி இரண்டு நாள் ஆட்டத்துக்குத் தகுதி பெற்றான். 2018இல் அமெரிக்காவில் ஜே.பி. ஹோம்ஸ் என்ற ஆட்டக்காரர் கடைசிக் குழியில் ஒரே ஓர் அடிக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். அவருக்கு அபராதம் இல்லை. பள்ளிக்கூடப் பையனிடம்தான் கடிகாரம் கண்டிப்பாக ஓடியது.

சாதாரண மைதானத்தில் நடுவர் யாரும் இல்லை. கேடி இருப்பார். போலீஸ் ஸ்டேஷன் பட்டியலில் உள்ள கேடி இல்லை. மட்டைப் பையைச் சுமந்து கூட வருகிறவர். மைதானத்தின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அவருக்கு அத்துப்படி. கொல்கத்தா போன்ற இடங்களில் பந்து எங்கே விழுகிறது என்று பார்க்கவே ஓர் ஆளை முன்னால் நிறுத்துவார்கள். ஆகேவாலா என்று பெயர். பந்தைத் தேடும் நேரத்தை அந்த ஒருவரே பாதியாக்கிவிடுவார். பின்னால் காத்திருக்கும்போது கத்துவதைவிட உங்கள் கேடியை முன்குழுவின் கேடியிடம் பேச அனுப்புவது நல்லது. இரண்டு முதலாளிகள் முறைத்துக்கொள்ளும் விஷயத்தை அவர்கள் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பொறுமை இழந்து முன்குழுவின் காலடியில் பந்தை அடித்து எச்சரிப்பது சிலருக்குப் பழக்கம். அது ரவுடித்தனம், வேறு பெயர் இல்லை.

வழிவிடுவது எப்படி? இதைத் தெரியாமல்தான் பலர் தயங்குகிறார்கள், அகங்காரம் காரணமில்லை. நல்ல இடம் அந்தப் பார்-3 குழிதான். கிரீனுக்குப் போய்ச் சேர்ந்ததும் உங்கள் பந்துகள் இருந்த இடத்தில் அடையாளம் வைத்துப் பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரமாகப் போய் நின்று, டீயில் காத்திருப்பவர்களை நோக்கிக் கையை ஆட்டுங்கள். அவர்கள் நால்வரும் அடிப்பார்கள். அவர்கள் நடந்து வரும் நேரத்தில் நீங்கள் உங்கள் குழியை முடித்துவிடலாம். அடுத்த டீயில் அவர்களை முதலில் அடிக்க விட்டுவிடுங்கள், தீர்ந்தது. உங்களுக்கு நஷ்டம் சில நிமிடம். பந்து புதரில் போய்விட்டதா? மூன்று நிமிடம் முடியட்டும் என்று காத்திருக்காமல், சுலபத்தில் கிடைக்காது என்று தெரிந்த உடனே பின்குழுவுக்குக் கை காட்டுங்கள். காட்டிவிட்டால், அவர்கள் கடந்து எட்டாத தூரம் போகும்வரை நீங்கள் ஆடக் கூடாது. பாதி வழிவிட்டு, நடுவில் பந்து கிடைத்ததும் "இருங்க இருங்க" என்று மறுபடி ஓடுவதுதான் இருக்கிறதிலேயே மோசம். ஒதுங்குவதற்காக லூப் லைனில் போட்ட வண்டி, மெயின் லைனில் எக்ஸ்பிரஸ் வரும்போது தானும் கிளம்பினால் என்னாகும்?

மெதுவாக ஆடுவது தப்பே இல்லை என்பது என் கட்சி. முட்டி வலிக்காரர் மெதுவாகத்தான் நடப்பார், புதிதாகக் கற்றுக்கொள்பவருக்குப் பந்து நாலு முறை தவறத்தான் செய்யும். பாசஞ்சர் வண்டியை மெதுவாகப் போகிறது என்று யாரும் திட்டுவதில்லை. ஒதுங்க இடமிருந்தும் மெயின் லைனை அடைத்துக்கொண்டு நின்றால்தான் திட்டு.

ரயில்காரர்களுக்கு விடிவு தெரிகிறது. திருப்பதி – பாகாலா – காட்பாடி ஒற்றைப் பாதை 104 கிலோமீட்டரையும் 1,332 கோடி ரூபாயில் இரட்டைப் பாதையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரலில் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. கோல்ஃப் மைதானத்தில் பார்-3 குழிக்குப் பக்கத்தில் இன்னொரு பார்-3 போட முடியாது. ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிரீனில் நிற்கும்போது ஒருமுறை திரும்பி டீயைப் பாருங்கள். நான்கு பேர் மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்களா, உங்களுக்கு முன்னால் குழி காலியா? கையை ஆட்டிவிடுங்கள்.