பிறந்த குழந்தையின் செவியைச் சோதிப்பது யார்?

புது தில்லி: பிறவியிலேயே காது கேளாத குழந்தை பெரும்பாலும் பேச்சு வராதபோதுதான் மருத்துவரிடம் கொண்டுவரப்படுகிறது. அதற்குள் இரண்டு, மூன்று ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. மொழியைக் கற்க மூளை மிகவும் ஆயத்தமாக இருக்கும் காலம் அதுவே. எனவே முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் நோயறிதல், ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை அல்லது கருவி என்பது உலக அளவில் பின்பற்றப்படும் நெறி.

இந்தியாவில் செவிக்குறை உடையோர் 12.6 லட்சம் என்றது 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2011-இல் அந்த எண்ணிக்கை 50.7 லட்சமானது. பத்தே ஆண்டுகளில் குறைபாடு நான்கு மடங்காகப் பெருகிவிடவில்லை. வரையறை விரிவாக்கப்பட்டதால், முன்பு விடுபட்டவர்களும் பதிவாயினர். தேசியச் செவிக்குறைத் தடுப்புத் திட்ட ஆவணங்கள் மேற்கோள் காட்டும் உலக சுகாதார நிறுவன மதிப்பீடோ 6.3 கோடி. கேட்கும் விதத்தைப் பொறுத்தே எண்ணிக்கை மாறுகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

திட்டங்களுக்குக் குறைவில்லை. மேற்கூறிய தேசியத் திட்டம் 2007-இல் 25 மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. 18 வயது வரையிலானோரைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரீய பால சுவாஸ்த்ய காரியக்ரமம் 2013-இல் வந்தது. செவிக்குறையும் அதன் பட்டியலில் உண்டு. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் நலவாழ்வு மையங்களின் 12 சேவைகளில் காது, மூக்கு, தொண்டைப் பராமரிப்பும் ஒன்று.

ஆனால் இவற்றை நிறைவேற்றப் போவது யார்? காது, மூக்கு, தொண்டை நிபுணர்களும் செவித்திறன் வல்லுநர்களும் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளனர். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒன்று என்ற கணக்கில் அமைந்த துணை சுகாதார நிலையத்தில் இருப்பவர் செவிலியரே. தாயையும் சேயையும் பிரசவத்துக்குப் பின் தொடர்ந்து சந்திப்பவரும் அவர்தான்.

செவிலியரின் செவிப் பரிசோதனை கேள்வியில் தொடங்குகிறது. குடும்பத்தில் காது கேளாதோர் உண்டா, கர்ப்ப காலத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்ததா, குழந்தை எடை குறைவாகப் பிறந்ததா, கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் இருந்ததா, ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் தரப்பட்டனவா, கதவு அறைந்தால் குழந்தை திடுக்கிடுகிறதா? பின்னர் காது மடலையும் அதன் பின்புற எலும்பையும் பார்த்து வீக்கம், வலி, சீழ் உள்ளனவா என அறிய வேண்டும். செவிநோக்கிக் கருவியால் உள்ளே பார்க்கும்போது, பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னும், சிறு குழந்தைகளுக்குக் கீழும் பின்னும் மெல்ல இழுத்தால்தான் செவிப்பறை தெரியும். முதியவர்களுக்கு ஒரு காதை மூடி, ஒரு கை தொலைவில் பின்னால் நின்று மெல்லிய குரலில் எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்வதே போதுமான முதற்கட்டச் சோதனை. குரும்பி அடைப்பா, செவிப்பறை ஓட்டையா, நரம்புக் கோளாறா என்ற ஐயம் எழுந்தால் மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்பலாம். காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றும் பழக்கம் தீங்கானது என்று வீட்டாரிடம் எடுத்துரைக்கவும் அவரே பொருத்தமானவர்.

பச்சிளங்குழந்தைக்கு மட்டும் கண்காணிப்பு போதாது, கருவி தேவை. மெல்லொலியைச் செலுத்தி உட்செவி எழுப்பும் எதிரொலியைப் பதிவு செய்யும் கையடக்கக் கருவியால், குழந்தை உறங்கும்போதே சில நிமிடங்களில் சோதிக்கலாம். இதற்கு வழிகாட்டியது கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம். மருத்துவமனைதோறும் கருவி வாங்காமல், ஒரே கருவியுடன் பயிற்சி பெற்ற பணியாளர் முறைவைத்துப் பல மருத்துவமனைகளுக்குச் செல்லும் ஏற்பாட்டைக் குழந்தை மருத்துவர்கள் அங்கு 2003-இல் தொடங்கினர். தேறாத குழந்தைகளுக்கு மறுசோதனையும், அதிலும் தேறாதோருக்கு மையத்தில் விரிவான நரம்புச் சோதனையும் செய்யப்பட்டன.

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி, இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 டெசிபல் எனில் செவித்திறன் குறைந்தவர். 45 டெசிபல் இழப்புடன் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவன் இந்தக் கணக்கில் வருவதில்லை. அவன் ‘மந்தமானவன்’ என்றே வகுப்பில் பெயரெடுக்கிறான். அவனைக் கண்டறியப் பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழுவை விட்டால் வேறு வழியில்லை.

தடுப்பூசி, பிரசவம், நீரிழிவு, ரத்த அழுத்தம், இவை அனைத்துக்குமான பதிவேடுகள் எனச் செவிலியரின் சுமை ஏற்கெனவே பெரிது. பயிற்சியும் கருவியும் நேரமும் தராமல் இன்னொரு கடமையைச் சுமத்தினால், படிவம் நிரம்பும், செவி சோதிக்கப்படாது. அவர் கண்டறிந்து அனுப்பிய குழந்தைக்கு மாவட்ட மருத்துவமனையில் செவித்திறன் வல்லுநர் இல்லையென்றால், அந்த உழைப்பும் வீணே.

குழந்தைப் பருவச் செவிக்குறையில் ஏறக்குறைய 60 சதவீதம் தடுக்கக்கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய வினா, எத்தனை மாவட்டங்களில் திட்டம் உள்ளது என்பதன்று. பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதிக்கப்பட்ட குழந்தைகள் எத்தனை, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டோர் எத்தனை, ஆறு மாதத்துக்குள் கருவி பெற்றோர் எத்தனை? மாவட்டவாரியாக இந்த மூன்று எண்களை வெளியிடும் பொறுப்பு மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் உண்டு.