உலர்ந்த குருதித்துளி கூறும் செய்தி



அளவு மிஞ்சினால் அமுதமும் நஞ்சாகும் என்பர். மருந்துக்கோ மற்றொரு விதியும் உண்டு. அளவு குறைந்தால் அது பயன் தராது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்ற ஒருவரை எண்ணிப் பாருங்கள். உடல் அவ்வுறுப்பை அயற்பொருளெனத் தாக்காதிருக்க, அவர் டாக்ரோலிமஸ் என்னும் மருந்தை நாள்தோறும் உட்கொள்ளுகிறார். குருதியில் அது குறைந்தால் புதிய உறுப்பை உடல் ஏற்க மறுக்கலாம். மிகுந்தால் அதே சிறுநீரகத்துக்குக் கேடு விளையும். ஒரே அளவு மருந்துண்ட இருவர் குருதியிலும் அது ஒரே அளவில் நிற்பதில்லை. ஆகவே அடிக்கடி அளந்தறிதல் இன்றியமையாதது.

ஆய்வுக்கூடம் தொலைவில் இருந்தால் என் செய்வது? அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்னர் விரல்நுனியைச் சிற்றூசியால் குத்தி, வரும் துளியை வடிதாள் போன்ற அட்டையிலுள்ள வட்டத்தில் இடவேண்டும். வெயிலோ அனலோ படாமல் சில மணி நேரம் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் உறையிலிட்டுத் தபாலில் அனுப்பலாம். ஆங்கே 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லையொன்றை வெட்டியெடுப்பர். அதிலுள்ள குருதி, ஒரு மில்லிலிட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஏறத்தாழ மூன்று கூறேயாகும்! அதிலிருந்து மருந்தைக் கரைப்பானால் பிரித்து, மூலக்கூறுகளை நிறை கொண்டு இனங்காணும் நிறைமானியால் அளப்பர்.

வடிதாள் முறைக்குப் புகழ் தேடித்தந்தவர் அமெரிக்க அறிஞர் ராபர்ட் கத்ரி. பச்சிளங் குழந்தைகளின் குதிகாற் குருதியைத் தாளிலேற்றி, பீனைல்கீட்டோன்யூரியா என்னும் பிறவி நோயைக் கண்டறியும் வழியை அவர் 1963இல் வெளியிட்டார்.

இம்முறையில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. நான் வகுப்பில் காட்டுவதுண்டு: வடிதாளில் ஒரு துளி மைநீரையும் ஒரு துளி வெல்லப்பாகையும் இடுங்கள். மைநீர் அகலப் பரவும். பாகு குறுகி நிற்கும். குருதியும் அத்தகையதே. சிவப்பணுக்கள் மிகுந்த குருதி குறைவாகப் பரவுவதால், அதே வில்லையில் கூடுதல் குருதி அடங்கும். சோகையுற்றவர் குருதியோ அகலப் பரவும். அவரிடம் மருந்து உள்ளதினும் குறைவாகத் தோன்றக்கூடும். அதை நம்பி மருந்தைக் கூட்டினால் தீங்கன்றோ? ஆதலால் சிவப்பணு விழுக்காட்டைக் கணக்கிற்கொண்டு திருத்துவர்; அன்றி, அளந்திட்ட துளியை முழுமையாக எடுத்து ஆய்வர்.

விரலைப் பிசைந்தால் திசுநீர் கலந்துவிடும்; துளிமேல் துளியிட்டாலும் அளவு பிழைக்கும். கருவி எத்துணை நுட்பமாயினும், துளி செம்மையாக விழாவிடில் விடை செம்மையாக வாராது. அத்துளியை இடுபவர் பெரும்பாலும் நோயாளியோ அவர் வீட்டாரோ ஆவர். ஆகவே இவ்விஞ்ஞானத்தின் முதற்படி அவர்கள் கையிலேயே இருக்கிறது.